அப்பாவின் கண்ணில் குறையில்லை. பின் ஏன் இடப்பக்கம் தெரியவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்திருந்ததாக ஸ்கானில் தெரிந்தது. இடக்கையில் கொஞ்சம் பலக்குறைவு மிச்சமிருக்கிறது. மற்றபடி நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், போன சிறுபோகத்தின் வரவு செலவைக்கூடப் பிசகாமல் சொல்கிறார். ஆனால் கோப்பையின் இடப்பக்கத்தில் சோறு அப்படியே கிடக்க, "இன்னும் கொஞ்சம் போடு" என்கிறார். படலையின் இடப்பக்கக் கட்டையில் தோளை இடித்துக்கொள்கிறார். முகத்தில் பாதிக்குத்தான் சவரம். கண் கிளினிக்கில் காட்டினால் கண் இரண்டும் நல்லது என்கிறார்கள். அவரைக் கேட்டால் தனக்கு ஒன்றுமேயில்லை, மோட்டார் சைக்கிள் திறப்பைத் தா என்கிறார். வீட்டில் சிலர் வீம்பு என்கிறார்கள், சிலர் செய்வினை என்கிறார்கள். இது என்ன, மாறுமா, நாங்கள் என்ன செய்யலாம் என்பது கேள்வி.

கூடவே சித்தப்பாவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். 2009 இல் செல் துண்டொன்று அவருடைய பிடரியின் இடப்பக்கத்தில் ஏறியது. இன்னும் உள்ளேயே இருக்கிறது. வலப்பக்கம் தெரியவில்லை என்கிறார், ஆனால் வலப்பக்கமாக நாய் பாய்ந்தால் விலகுகிறார். அது நடிப்பா என்று ஊரில் கேட்கிறார்களாம்.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். வீம்பும் இல்லை, செய்வினையும் இல்லை. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒருபக்கப் புறக்கணிப்பு என்று நாங்கள் சொல்லும் நிலைக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. வலப்பக்க மூளையில் பாரிசவாதம் வந்தவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. பாரிசவாதம் வந்தவர்களையும் தலையில் காயம்பட்டவர்களையும் மறுபடியும் அன்றாட வேலைகளுக்குப் பழக்குவது என் தொழில். வன்னியில் நான் பார்த்த அளவில், கை கால் விழுந்தால் ஊருக்கே தெரிகிறது. கவனம் விழுந்தால் வீட்டாருக்கே தெரிவதில்லை. நோவில்லை, காய்ச்சலில்லை, பேச்சுக் குழறலில்லை. ஆள் சரியாகத்தான் இருக்கிறார், குணம்தான் மாறிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

கண்ணைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இடக்கண் இடப்பக்கத்தையும் வலக்கண் வலப்பக்கத்தையும் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டு கண்களும் இரண்டு பக்கத்தையும் பார்க்கின்றன. கண்களிலிருந்து புறப்படும் நரம்புகள் மூளையின் அடிப்புறத்தில் சந்தித்து, பாதி நார்கள் குறுக்கே மாறி, நமக்கு முன்னால் உள்ள உலகின் இடப் பாதியை வலப்பக்கப் பிடரி மூளைக்கும் வலப் பாதியை இடப்பக்கப் பிடரி மூளைக்கும் கொண்டுபோகின்றன. ஆகவே வலப்பக்கப் பிடரி மூளை சேதப்பட்டால் இரண்டு கண்களுக்கும் சேர்த்தே இடப் பாதி போய்விடும். இது அரைப்பார்வை இழப்பு. கண் கிளினிக்கில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வது பார்வை எவ்வளவு கூர்மை என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்பதைப் பார்க்கும் பார்வைப் புலச் சோதனை வேறு; அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

உங்கள் அப்பாவின் சிக்கல் அதற்கும் அடுத்த படியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வந்து சேர்ந்த காட்சியில் எந்தப் பக்கத்தைக் கவனிப்பது என்ற வேலையைச் செய்வது பிடரி அல்ல. காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும் பகுதியும் முன்மூளையின் சில இடங்களும் அவற்றை இணைக்கும் நார்களும்தான். நம் வயல்களுக்குப் பாயும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வைத்துச் சொல்கிறேன். வாய்க்கால் உடைந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. அரைப்பார்வை இழப்பு அந்த வகை. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, ஆனால் வரம்பை வெட்டி இடப்பக்க வயலுக்குத் திருப்பிவிட ஆளில்லை என்றாலும் அந்த வயல் காயத்தான் செய்யும். புறக்கணிப்பு இந்த வகை. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு, அப்போது திருத்துவது கடினம்.

வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் ஆளின் நடத்தை வேறு. அரைப்பார்வை இழந்தவர் "இந்தப் பக்கம் தெரியவில்லை" என்று முறையிடுவார். போகப்போகத் தலையைத் திருப்பிப் பார்க்கத் தானே பழகிக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவர் முறையிடமாட்டார். அவருக்கு இடப்பக்கம் இருட்டாகத் தெரிவதில்லை. அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்ற உணர்வே இல்லை. இந்த நிமிடத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள இடம் உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? அங்கே எதுவோ தெரியாமல் இருப்பதாகக்கூட உங்களுக்குத் தோன்றுவதில்லை அல்லவா? இல்லாத ஒன்றை அவர் தேடமாட்டார். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கொப்பித் தாளைக் குறுக்கே வைத்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ஒன்றைக் கீறி, நடுவில் அடையாளமிடச் சொல்லுங்கள். புறக்கணிப்பு இருந்தால் அடையாளம் நடுவிலிருந்து வலப்பக்கமாகத் தள்ளி விழும். தாள் முழுவதும் சின்னச் சின்னக் கோடுகளைச் சிதறலாகப் போட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொன்னால் வலப்பக்கத்துக் கோடுகளை வெட்டிவிட்டு "முடிந்தது" என்று பேனையை வைத்துவிடுவார். மணிக்கூட்டின் முகத்தை வரையச் சொன்னால் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை வலப்பக்கத்தில் எழுதி நிறுத்துவார், அல்லது பன்னிரண்டு இலக்கத்தையும் வலப் பாதிக்குள்ளேயே நெருக்கிவிடுவார். இன்னொன்று எனக்கு மிகவும் பயன்படுவது. நேரெதிரே உட்கார்ந்து உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய இடப்பக்கத்தில் மட்டும் விரலை அசைத்தால் "அசைகிறது" என்று சொல்லக்கூடும். வலப்பக்கத்தில் மட்டும் அசைத்தாலும் சொல்வார். இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் அசைத்தால் வலப்பக்கத்தை மட்டும் சொல்வார். அப்படியானால் அந்தப் பக்கம் பார்வை இருக்கிறது. போட்டி வரும்போதுதான் தோற்றுப்போகிறது.

வாசிப்பிலும் இது தெரியும். நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். ஆகவே வரியின் தொடக்கம்தான் தொலையும். சிலருக்குச் சொல்லின் தொடக்கமே தொலைந்துவிடும். பஸ் பலகையில் உள்ள புதுக்குடியிருப்பைக் "குடியிருப்பு" என்றும் மாங்குளத்தைக் "குளம்" என்றும் வாசித்துவிட்டு, எந்தக் குளம் என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். பத்திரிகையைக் கையில் எடுத்துச் சில நிமிடங்களில் மடித்து வைத்துவிடுகிறார், முன்புபோல் நாட்டமில்லை என்று வீட்டார் சொன்னால் நான் உடனே ஒரு பந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். நாட்டமில்லாமல் அல்ல, வரிகள் பாதியில் தொடங்குவதால் பொருள் பிடிபடாமல் வைத்திருப்பார்.

இது வெளியே பார்ப்பதோடு நிற்பதில்லை. 1978 இல் இத்தாலியின் மிலான் நகரத்து ஆய்வாளர்களான பிசியாக்கும் லுத்சாத்தியும், இப்படிப்பட்ட இரண்டு நோயாளர்களிடம் அந்நகரின் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்து விவரிக்கச் சொன்னார்கள். ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கத்துக் கட்டடங்களையே சொன்னார்கள். பிறகு ஆலயத்தின் வாசற்படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். முன்பு விட்டுப்போனவை இப்போது வலப்பக்கத்துக்கு வந்துவிட, அவற்றைத் தாராளமாகச் சொன்னார்கள். முன்பு சொன்னவை விட்டுப்போயின. நினைவு முழுவதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு பக்கம்தான் எட்டவில்லை.

மிலான் எங்கேயோ இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. வட்டக்கச்சிப் பக்கத்து ஐயா ஒருவரிடம் அவருடைய ஒழுங்கையை வைத்து இதையே கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சந்தியிலிருந்து வீட்டுக்கு நடந்து வாருங்கள், வழியில் யார் யார் வீடு என்று சொல்லுங்கள் என்றேன். அரிசி ஆலை, ஆசிரியர் வீடு, பாழடைந்த வளவு, கடை என்று வரிசையாகச் சொல்லி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அருகில் நின்ற மனைவியின் முகம் சுருங்கியது. மகளின் வீட்டை அவர் சொல்லவேயில்லை. அடுத்து, வீட்டிலிருந்து புறப்பட்டுச் சந்திக்குப் போங்கள் என்றேன். எடுத்த எடுப்பில் "இது பிள்ளையின் வீடு" என்றார். இந்த முறை அரிசி ஆலையைக் காணவில்லை. மகளோடு கோபமோ என்று பயந்த அந்த அம்மாவுக்கு, மகளின் வீடு ஒழுங்கையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இன்னொரு புகழ்பெற்ற சோதனையும் உண்டு. 1988 இல் மார்ஷல், ஹாலிகன் என்ற இருவர் ஒரு பெண்ணுக்கு இரண்டு வீடுகளின் படத்தைக் காட்டினார்கள். ஒரு வீட்டின் இடப்பக்கத்தில் தீப்பற்றி எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருக்க விருப்பம் என்று கேட்டபோது, முட்டாள்தனமான கேள்வி என்று சொல்லிக்கொண்டே, பெரும்பாலும் எரியாத வீட்டைத்தான் காட்டினார். எல்லா நோயாளரும் அப்படிச் செய்யவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அறிவுக்கு எட்டாத பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று உள்ளே போய்ச் சேர்கிறது என்பதை மறுக்க முடியாமற்போனது. எரியும் வீட்டின் படத்தை இந்த மண்ணில் எவருக்கும் காட்ட எனக்கு மனம் வந்ததில்லை.

ஏன் பெரும்பாலும் இடப்பக்கமே தொலைகிறது என்று கேட்பீர்கள். பெருமளவு ஏற்கப்பட்ட விளக்கம் இது: வலப்பக்க மூளை இரண்டு பக்கத்தையும் கவனித்துக்கொள்கிறது, இடப்பக்க மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது. இடப்பக்க மூளை அடிபட்டால் வலப்பக்க மூளை ஓரளவு ஈடுகட்டிவிடும். வலப்பக்க மூளை அடிபட்டால் இடப்பக்கத்துக்கு நாதியில்லை. வலப்பக்கத்தைப் புறக்கணிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது பொதுவாக இலேசாக வந்து விரைவில் மாறிவிடும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பா சொல்வதற்கு வருகிறேன். குடும்பங்களில் அதிகம் சண்டை மூளுவது இங்கேதான். தன் குறையைத் தான் அறியாத இந்த நிலையை 1914 இல் பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் பாபின்ஸ்கி விவரித்துப் பெயரிட்டார். கை முழுவதும் செயலிழந்து கிடக்க, "தூக்குகிறேனே" என்று சொல்லும் நோயாளர்கள் இருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1899 இல், அன்ரன் என்ற ஒஸ்திரிய வைத்தியர் பிடரி மூளை இரண்டு பக்கமும் சேதமாகிப் பார்வை முற்றாகப் போன பின்னும் தான் பார்ப்பதாகவே நம்பும் நோயாளரைப் பற்றி எழுதினார். இவர்கள் பொய் சொல்வதில்லை, மறைப்பதுமில்லை. குறையைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய இடமும் அதே காயத்தில் அகப்பட்டுவிட்டது. ஆகவே "பாருங்கள், பாதிச் சோறு கிடக்கிறது, இன்னுமா ஒன்றுமில்லை என்கிறீர்கள்?" என்று வாதாடுவதில் பயனில்லை. அவர் கோப்பையைப் பார்க்கிறார்; கோப்பை காலி. நீங்கள்தான் பொய் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றும். பேசாமல் கோப்பையை அரைவட்டம் திருப்பி வையுங்கள். புதிதாகச் சோறு வந்ததுபோல் சாப்பிடத் தொடங்குவார். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு, திருப்புவதை அவர் கையாலேயே செய்யவையுங்கள். நம்ப வைப்பதைவிடப் பழக்கிவிடுவது எளிது.

மாறுமா? முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பலருக்கு வெளிப்படையான புறக்கணிப்பு அதற்குள் குறைந்துவிடும். சிலருக்கு நீடிக்கும். வேகம் குறைந்தாலும் பழக்கத்தால் பின்னரும் முன்னேறலாம், ஆகவே உங்கள் அப்பாவின் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். களைப்பு, காய்ச்சல், நித்திரைக் குறைவு, கூட்டம், சத்தம் எல்லாம் இதைக் கூட்டும். காலையில் சரியாக இருந்தவர் கோயில் திருவிழாவில் தடுமாறினால் நோய் திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் திடீரென்று முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் புதிதாகச் சோர்ந்தாலோ 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிட வேண்டியதுதான். எண்ணெய் போடும் வைத்தியரிடம் முதலில் போவதில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள் ஸ்கானும் எடுத்தாக வேண்டும். உள்ளூரிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போகும் தூரத்தை அதில் கழித்துப் பாருங்கள். எண்ணெயும் ஒத்தடமும் பிறகு தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி என்று வரும்போது அடிப்படை ஒன்றுதான்: இடப்பக்கம் தேடுவதை ஒரு பழக்கமாக்குவது. பத்திரிகையின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு ஒன்றைக் கீறிவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் சிவப்பைக் கண்ட பிறகே வாசிக்கவேண்டும் என்று சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டலாம். இடக்கையில் கொஞ்சமாவது அசைவு இருந்தால் அது பெரிய வரம். எதையாவது தேடும்போது அந்தக் கையின் விரல்களை இடப்பக்கத்தில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில் கை அசையும்போது கவனமும் அந்தப் பக்கம் இழுபடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உழுந்து பொறுக்குவது, மிளகாய்க் கன்றுகளைப் பாத்தி பாத்தியாக எண்ணுவது, வெற்றிலையை அடுக்குவது போன்ற அவருக்குப் பழக்கமான வேலைகளை இடப்பக்கத்திலிருந்து தொடங்கும்படி அமைத்துக் கொடுங்கள். பிள்ளைகளின் கொப்பியில் கோடு வெட்டச் சொன்னால் இரண்டாம் நாள் எழுந்து போய்விடுவார். உழுந்துச் சுளகை முன்னால் வைத்தால் இருப்பார்.

வெளிநாடுகளில் ஆப்புக்கண்ணாடிப் பயிற்சி என்ற ஒன்றும் செய்கிறார்கள். காட்சியைப் பத்துப் பாகை அளவுக்கு வலப்பக்கம் தள்ளிக் காட்டும் கண்ணாடியை அணிவித்து, முன்னால் உள்ள புள்ளியைத் தொடச் சொல்கிறார்கள். முதலில் கை வலப்பக்கம் தவறும், பிறகு திருந்திக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றியதும் கை இடப்பக்கம் சாயும், கூடவே கவனமும் சாயும். 1998 இல் பிரான்சைச் சேர்ந்த ரொசெத்தியும் குழுவினரும் இதை வெளியிட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பின்வந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. இதற்கென்று கடன்பட்டுக் கொழும்புக்கு ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாவட்ட வைத்தியசாலையில் இயன்மருத்துவரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் கேளுங்கள். கையை மட்டும் காட்டாமல், கோப்பையில் கிடக்கும் சோற்றைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

பழக்குவதும் பாதுகாப்பதும் வேறு என்பதை மறக்கக்கூடாது. குடிதண்ணீர், மருந்து, கைத்தொலைபேசி, இரவில் எழுந்தால் பிடிக்கும் பொல்லு எல்லாம் வலப்பக்கத்தில் இருக்கட்டும். பேச்சுக் கொடுப்பதையும் விளையாட்டுக் காட்டுவதையும் பேரப்பிள்ளைகள் இடப்பக்கத்திலிருந்து செய்யட்டும். அடுப்படியில் இடப்பக்கத்தில் கொதிக்கும் பானை கூடாது. இடக்கை கதவிடுக்கிலோ சக்கரத்திலோ அகப்படுகிறதா என்று பாருங்கள். அகப்பட்டாலும் அவர் அறியமாட்டார். எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தோட்டக் கிணறுதான். வன்னியில் கட்டில்லாத தோட்டக் கிணறுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும்போது வலப்பக்கம் இருக்கும் கிணறு திரும்பி வரும்போது இடப்பக்கம். போகும்போது கிணற்றைப் பார்த்து விலகினாரே, வரும்போது விழுவாரா என்று நினைப்பீர்கள். இதே காரணத்தால்தான் விழுவார். தகரமோ முள்வேலியோ எதையாவது அடைத்துவிடுங்கள், இன்றைக்கே.

மோட்டார் சைக்கிள் திறப்பைக் கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. நம் நாட்டில் வீதியின் இடப்பக்கமாகத்தான் ஓடுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிள்கள், ஓரத்தில் நிற்கும் மாடுகள் எல்லாம் ஓட்டுபவருக்கு இடப்பக்கத்தில். லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரமும் அப்படித்தான், வயலுக்குள் என்றாலும் வாய்க்கால் இருக்கிறது. நடந்து வீதியைக் கடப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஏ9 வீதியில் இறங்கினால் முதலில் வாகனம் வருவது வலப்பக்கத்திலிருந்து. அதை அவர் நன்றாகப் பார்ப்பார், காத்திருப்பார், பாதி வீதியைச் சரியாகக் கடப்பார். நடுக்கோட்டைத் தாண்டியபின் வாகனம் வருவது இடப்பக்கத்திலிருந்து. பாதியைக் கவனமாகக் கடந்தவர் மீதியில் ஏன் பார்க்காமல் போனார் என்று சாரதியும் சனமும் திகைத்து நிற்கும். கூடப் போகிறவர் அவருடைய இடப்பக்கத்தில், அரையடி முன்னால் நடக்கவேண்டும். திறப்பைப் பொறுத்தவரை, வைத்தியர் அனுமதித்த பின் தருகிறோம் என்று சொல்லிப் பாரத்தை வைத்தியரின் தலையில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் மறுத்தால் அவமானம். வைத்தியர் மறுத்தால் விதி.

இனிச் சித்தப்பா. அவருடையது வேறு கதை. துண்டு ஏறியது இடப்பக்கப் பிடரியில் என்கிறீர்கள். ஆகவே வலப் பாதி பார்வை போயிருக்கிறது. தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. அது அரைப்பார்வை இழப்பின் இலட்சணம். நாய் பாய்ந்தால் விலகுவது நடிப்பல்ல.

பிடரி மூளையில் பார்வை எப்படி வரைபடமாக விரிந்திருக்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டதே போரில் காயம்பட்டவர்களிடமிருந்துதான். 1904, 1905 இல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் சன்னம் துளைத்தும் உயிர்தப்பிய வீரர்களைத் தட்சுஜி இனூயே என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் பரிசோதித்தார். சன்னம் நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, மூளையில் எந்த இடம் சேதமானால் பார்வையில் எந்த இடம் தொலைகிறது என்று ஒப்பிட்டு 1909 இல் நூலாக வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் கோர்டன் ஹோம்ஸ் அந்த வரைபடத்தை மேலும் திருத்தினார். அதே போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த ஜோர்ஜ் ரிடொக், 1917 இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: சில வீரர்களுக்குக் குருடான பாதியில் அசையாத பொருள் எதுவும் தெரியவில்லை, ஆனால் ஏதாவது அசைந்தால் அசைவு மட்டும் தெரிந்தது. என்ன பொருள், என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை; ஏதோ போகிறது என்று மட்டும் சொன்னார்கள். உங்கள் சித்தப்பாவின் நாய் அதுதான்.

இதற்கும் ஒரு படி மேலே போனது லோரன்ஸ் வைஸ்கிரான்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் குழுவினரும் 1974 இல் வெளியிட்ட ஆய்வு. வலப்பக்கப் பிடரியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு இடப் பாதி பார்வையை இழந்த ஒருவரிடம், அந்தக் குருட்டுப் பக்கத்தில் ஒளியைக் காட்டி, எங்கே இருக்கிறது என்று சும்மா ஊகித்துச் சுட்டச் சொன்னார்கள். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லிக்கொண்டே பெருமளவு சரியாகச் சுட்டினார். கண்ணிலிருந்து பிடரிக்குப் போகும் பெருவழி தவிர மூளையின் நடுப்பகுதிக்கும் பிற இடங்களுக்கும் போகும் சிறுவழிகள் உண்டு. பெருவழி அடைபட்ட பின்னும் அவை வேலை செய்கின்றன. அப்பாவையும் சித்தப்பாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பார்வை வந்தும் அறிவில் சேரவில்லை. மற்றவருக்குப் பார்வை இல்லாமலே உடல் அறிந்து விலகுகிறது. பார்ப்பதும் பார்க்கிறோம் என்று அறிவதும் மூளையில் ஒரே வேலை அல்ல என்பதற்கு உங்கள் வீட்டிலேயே இரண்டு சாட்சிகள்.

சித்தப்பாவுக்கு வாசிக்கும்போது அடுத்து வரும் சொல் தெரியாமல் தடுமாற்றம் இருக்கும். வரியின் கீழே அடிமட்டத்தை வைத்து, விரலை ஒரு சொல் முன்னால் ஓடவிட்டு வாசிக்கப் பழகலாம். அந்தப் பக்கத்தில் நிறநிறமான வட்டங்களோ மின்னலோ சில விநாடிகள் தோன்றி மறைவதுண்டா என்று கேளுங்கள். மூளையில் பழைய தழும்பு இருப்பவர்களுக்கு அது வலிப்பின் ஒரு வடிவமாக இருக்கலாம், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது. ஊரில் பலர் இதைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்காக மறைத்து வைத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று, இது அவருக்கு மட்டுமல்ல, உடம்பில் எங்கே செல் துண்டு இருப்பவருக்கும் பொருந்தும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பெரிய காந்தத்தால் இயங்குவது. இரும்பு கலந்த துண்டு மூளையிலோ கண்ணிலோ இருந்தால் அது அசையலாம், சூடேறலாம்; ஆபத்து. சி.டி. ஸ்கானுக்கும் சாதாரண எக்ஸ்றேக்கும் அந்தப் பயமில்லை. வன்னிக்கு வெளியே உள்ள வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது அங்கே உள்ளவர்களுக்கு இவருடைய கதை தெரியாது, முடி வளர்ந்த தலையில் தழும்பும் தெரியாது. கேள்விப் படிவத்தை யாரோ ஒருவர் அவசரத்தில் நிரப்பிவிடுவார். சிங்களத்தில் கேட்டால் தலையாட்டிவிடவும் கூடும். அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், தலையில் உலோகத் துண்டு உண்டு என்று மூன்று மொழியிலும் சிவப்பு மையால் எழுதி, பழைய எக்ஸ்றே இருந்தால் அதையும் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.